கரையும் நூல், கரையாத நூல்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டை முன்னிட்டு எமது கல்லூரி மண்டபத்தில் நடைபெற்ற உடல்நலக் கருத்தரங்கில், மகப்பேற்று, பெண்நோயியல் வைத்திய நிபுணரான பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



செயலாளர் அக்கா தொலைபேசியில் அழைத்தபோது, "பிரஷர், சீனி, மார்புப் புற்றுநோய் எல்லாம் போன வருசமே கதைச்சாச்சு. நீர் வேற ஏதாவது சொல்லும்" என்றார். "தையலைப் பற்றிக் கதைக்கட்டோ?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "பிளவுஸ் தையலோ?" என்றார். "இல்லை அக்கா, வயித்துத் தையல்" என்றேன். அவர் சிரித்த சிரிப்பை நம்பித்தான் இங்கே வந்து நிற்கிறேன்.

வெள்ளவத்தையில் என்னிடம் வரும் தாய்மார் வீட்டுக்குப் போகிற நேரம் கேட்பார்கள்: "டொக்டர், இது தானாக் கரையிற நூலோ, இழை வெட்ட வரோணுமோ?" கொட்டாஞ்சேனையில் இருந்து வருபவர்கள் கேட்பார்கள்: "டொக்டர், தையல் பிரிக்க வரணுமா?" சொல் வேறு, கேள்வி ஒன்று. கதவடியில் நின்று கேட்கிற அந்தக் கேள்விக்கு நாங்களும் கதவடியிலேயே பதில் சொல்லிவிடுகிறோம். "கரையும்." "ஏழாம் நாள் வாங்கோ." அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் இருக்கும் யோசனையைச் சொல்ல எங்களுக்கு நேரம் கிடைப்பதில்லை. இன்றைக்கு இருபது நிமிடம் தந்திருக்கிறீர்கள்.

கையை உயர்த்தச் சொல்லிக் கேட்கப் போவதில்லை. ஆனால் சிசேரியன், பிரசவத் தையல், அப்பெண்டிக்ஸ், தைரொயிட், விழுந்து பிளந்த முழங்கால் என்று எண்ணிப் பார்த்தால், உடம்பில் ஒரு தையலும் விழாதவர் இந்த மண்டபத்தில் மிகச் சிலராகத்தான் இருப்பார்.

முதலில் ஒரு விடயம். நூல் காயத்தை ஆற்றுவதில்லை. ஆற்றுவது உடம்பு. குலை தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுப்போமே, அந்த வேலைதான் நூலின் வேலை. தோலை வெட்டித் தைத்து ஒரு வாரத்தில், வெளியில் பார்க்க ஒட்டியதுபோல இருந்தாலும், அந்த இடத்தின் பலம் பழைய தோலின் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மூன்று வாரத்தில் ஏறக்குறைய கால் பங்கு. மூன்று மாதத்தில் 80 வீதம். அதற்கு மேல் போகாது. வெட்டுப்பட்ட இடம் பழைய பலத்தை முழுதாகத் திரும்பப் பெறுவதே இல்லை.

ஆகவே நூலைத் தெரிவு செய்வதென்றால், இந்தத் திசுவுக்கு எத்தனை நாள் முட்டு வேண்டும் என்று கணக்குப் போடுவதுதான். முகத்துக்கு இரத்த ஓட்டம் அதிகம். ஐந்து நாள் போதும். முழங்கால் மடங்கி மடங்கி நீளும் இடம், பதினான்கு நாள் வேண்டும். கர்ப்பப்பை சுருங்கிக்கொண்டே ஆறும், ஓரிரு வாரத்தில் தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும். வயிற்றுத் தசையை மூடியிருக்கும் வெள்ளை உறை அப்படி இல்லை. அது மெல்ல மெல்ல, மாதக் கணக்கில் ஆறும். நீங்கள் தும்மினாலும் இருமினாலும் பிள்ளையைத் தூக்கினாலும் அந்த இழுவையைத் தாங்குவது அந்த உறைதான். இரத்தக் குழாயில் செயற்கைக் குழாய் பொருத்தினால், இரண்டும் ஒருநாளும் ஒன்றாக வளர்ந்து ஒட்டப்போவதில்லை. அங்கே நூல் ஆயுள் முழுக்க இருக்க வேண்டும்.

ஒரே சிசேரியனில் மூன்று நூல் ஏன் என்று இப்போது விளங்கியிருக்கும்.

இனி நூலுக்கு வருவோம். எங்கள் மனையியல் ரீச்சர், புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் நூல் வாங்கப் போனால் "துணியைக் கையில கொண்டு போங்கோ, துணியைப் பார்த்துத்தான் நூல்" என்பார். சத்திரசிகிச்சைக் கூடத்திலும் அதுதான். அவர் சொல்லித்தந்த தையல் நூலின் இலக்கம்கூட எனக்கு உதவியது. இலக்கம் கூடக் கூட நூல் மெல்லியது. எங்கள் நூலுக்குப் பூச்சியங்கள். இரண்டு பூச்சிய நூல் வயிற்றுக்கு, ஐந்து, ஆறு பூச்சியம் முகத்துக்கு, பத்துப் பூச்சியம் கண்ணின் கருவிழிக்கு. பத்துப் பூச்சிய நூல் தலைமயிரின் மூன்றில் ஒரு பங்கு தடிப்புத்தான் இருக்கும். அதை வெறுங்கண்ணால் பார்த்துத் தைக்க முடியாது.

நூலைக் கையில் எடுத்தால் நாங்கள் இரண்டு விடயம் பார்ப்போம். கரையுமா, கரையாதா என்பது ஒன்று. பின்னிய நூலா, ஒற்றை இழையா என்பது மற்றது. பின்னிய நூல் மெத்தென்று இருக்கும், முடிச்சு வழுக்காது, கைக்கு இதம். ஆனால் விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல அது நீரை உறிஞ்சும், கூடவே கிருமியையும் உள்ளே இழுக்கும். ஒற்றை இழை எங்கள் கரையோரத்து மீனவர்கள் பயன்படுத்தும் தங்கூசியைப் போன்றது. வழுவழுப்பு. கிருமி ஒளிய இடமில்லை. ஆனால் பிடிவாதம் பிடித்தது. சுருண்ட நினைவை விடாது, இரண்டு முடிச்சோடு நிற்காது, ஐந்தாறு போட வேண்டும். அழுக்குப் பட்ட காயமென்றால் ஒற்றை இழைதான் என் கை போகும் இடம்.

பழைய கதை கொஞ்சம் சொல்கிறேன், இது எனக்கு ஆசையான பகுதி. பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்தில் பரணர் ஒரு காட்சியைச் சொல்கிறார். போரில் பட்ட புண்ணைத் தைக்கும் நீண்ட வெள்ளூசி, குளத்தில் மூழ்கி எழும் மீன்கொத்தியைப்போல உள்ளே போய் வெளியே வருகிறதாம். நான் இதைப் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை, நிபுணரான பிறகுதான் தமிழ் படித்த ஒரு தோழி சொன்னாள். ஊசியைத் திசுவுக்குள் விட்டு மணிக்கட்டைத் திருப்பும்போது அது வளைந்து மூழ்கி, மறுபக்கம் மினுங்கிக்கொண்டு எழும். பரணர் யாரோ தைத்ததைக் கிட்ட நின்று பார்த்திருக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். சுசுருதர் சணல், ஆளி நார், மயிர் என்று ஒரு பட்டியலே தருகிறார். குடலைப் பொருத்தக் கறுப்பெறும்பைக் கடிக்க விட்டு, உடலைக் கிள்ளி எறிந்து தலையை விட்டுவிடும் முறையும் அதில் உண்டு. எறும்புத் தலை உள்ளேயே கரைந்துவிடும். கரையும் தையலின் மூத்த அக்கா அதுதான்.

இங்கே மானிப்பாயில் வேரோடியவர்கள் பலர் இருப்பீர்கள். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு தமிழிலேயே மாணவர்களுக்கு மருத்துவம் கற்பித்தார். ட்ரூயிட் எழுதிய ஆங்கிலச் சத்திரசிகிச்சை நூலை 'இரண வைத்தியம்' என்று தமிழில் தந்தார். அது வெளிவந்தது 1867 இல். அதே 1867 இல்தான் ஜோசப் லிஸ்டர், கார்போலிக் அமிலத்தால் காயத்தில் கிருமியை அடக்கலாம் என்று இலண்டன் மருத்துவச் சஞ்சிகையில் எழுதினார். அதற்கு முன் இரத்தக் குழாயைக் கட்டிய நூலின் நுனியைக் காயத்துக்கு வெளியே நீளத் தொங்கவிடுவார்கள். சீழ் பிடித்து அழுகி நூல் தானாகக் கழன்று வரும் வரைக்கும் நோயாளி கிடக்க வேண்டும். லிஸ்டர் கிருமி நீக்கிய கற்கட் நூலால் கட்டி, நுனியை ஒட்ட வெட்டி உள்ளேயே விட்டு மூடினார். நூல் கரைந்தது, காயம் ஆறியது. நூலைத் தெரிவு செய்கிற காலம் அங்கேதான் தொடங்குகிறது. நூற்றைம்பது வருடத்துக்கு முன் இரண வைத்தியத்தைத் தமிழில் படித்த ஊரில் பிறந்தவர்களின் பேத்தி நான். ஆனால் நானோ நூலின் பெயர்களை எல்லாம் ஆங்கிலத்தில் படித்துவிட்டு, உங்களுக்குச் சொல்வதற்காகப் போன வாரம் முழுக்கத் தமிழ்ச் சொல் தேடினேன்.

கற்கட் என்பது பூனைக் குடல் இல்லை, பயப்படாதீர்கள். ஆட்டுக் குடல் அல்லது மாட்டுக் குடலின் சவ்வு. சாதாரணமானது ஏழு முதல் பத்து நாளில் பலமிழக்கும். குரோமிய உப்பில் ஊறியது இரண்டு, மூன்று வாரம் நிற்கும். உடம்பு அதை அந்நியப் புரதமாகப் பார்த்து நொதியங்களால் கரைப்பதால் சிலருக்கு அந்த இடம் சிவந்து வீங்கும். மாட்டுப் பித்து நோய்ப் பயத்துக்குப் பிறகு ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் அதைக் கைவிட்டுவிட்டார்கள். 1970களில் வந்த செயற்கை நூல்கள் நீரால் மெல்லச் சிதைபவை. எப்போது எவ்வளவு பலம் மிஞ்சும் என்று முன்கூட்டியே சொல்லலாம். நீங்கள் அதிகம் கேள்விப்படும் விக்ரில், இரண்டு வாரத்தில் முக்கால் பங்கு பலத்தோடு நிற்கும், மூன்று வாரத்தில் அரைப்பங்கு, இரண்டு மாதத்துக்குச் சற்று மேலே போனால் இடமே தெரியாது. பிடிஎஸ் என்ற ஒற்றை இழை நான்கு வாரத்திலும் பாதிக்கு மேல் பலத்தோடு இருக்கும், முழுதாகக் கரைய ஆறு மாதமாகும். புரோலீன் கரையாது. நைலோனும் கரையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பட்டு நூலைக் கரையாத கூட்டத்தில் சேர்த்திருந்தாலும் ஒன்றிரண்டு வருடத்தில் அதன் பலம் போய்விடும். என் அம்மம்மாவின் வயிற்றில் ஒரு தழும்பு இருந்தது, கரையோரப் புகையிரதப் பாதை மாதிரி, நடுவில் கோடு, இரு பக்கமும் சிலிப்பர்கட்டை. சின்ன வயதில் அதில் விரலால் ரயில் ஓட்டுவேன். கரையாத நூலை நாள் கடந்து விட்டுவைத்ததால் வந்த தழும்பு அது என்று மருத்துவபீடத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

வெள்ளிக் கம்பியும் ஒரு காலத்தில் நூலாக இருந்தது. பெண்கள் கூடியிருக்கும் இடத்தில் இதைச் சொல்லாமல் போக மாட்டேன். பிரசவம் நாள் கணக்கில் தடைப்பட்டால் சலப்பைக்கும் பிறப்புவழிக்கும் இடையில் ஓட்டை விழும், சிறுநீர் எந்நேரமும் கசியும். அமெரிக்காவின் அலபாமாவில் மரியன் சிம்ஸ் என்ற வைத்தியர் 1840களில் அந்த ஓட்டையைத் தைக்கப் பார்த்தார். பட்டு நூல் ஒவ்வொரு முறையும் சீழ் பிடித்தது. கடைசியில் நகைத் தொழிலாளி ஒருவரிடம் மெல்லிய வெள்ளிக் கம்பி செய்வித்துத் தைத்தார். 1849 இல் அது ஆறியது. எங்கள் செட்டியார் தெருவில் செய்யக்கூடிய வேலைதான். ஆனால் அவர் அத்தனை தடவையும் தைத்துப் பார்த்தது அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பினப் பெண்களை, மயக்க மருந்து இல்லாமல். அனார்க்கா, பெட்சி, லூசி என்று மூன்று பெயர்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. அனார்க்காவுக்கு மாத்திரம் முப்பது தடவை. சிம்ஸின் சிலையை 2018 இல் நியூயோர்க்கின் மத்திய பூங்காவில் இருந்து எடுத்துவிட்டார்கள். அந்தச் சத்திரசிகிச்சையை இன்றும் நாங்கள் செய்கிறோம், கரையும் நூலால்.

இனி என் கை. பயிற்சி வைத்தியராக இருந்தபோது முதன்முதலாக ஒரு அம்மாவின் வயிற்றுத் தோலைத் தனியே தைக்கத் தந்தார்கள். மனையியலில் நல்ல புள்ளி எடுத்தவள் என்ற நினைப்பு எனக்கு. இறுக்கி இறுக்கி முடிச்சுப் போட்டேன். ஒரு சுருக்கம் இல்லை. எங்கள் நிபுணர் வந்து குனிந்து பார்த்தார். "நீர் என்ன, சாக்குக் கட்டுறீரோ?" என்றார். தோலின் ஓரம் வெளிறிப் போயிருந்ததை அதற்குப் பிறகுதான் கண்டேன். எல்லா முடிச்சையும் வெட்டச் சொல்லி, பக்கத்தில் நின்று, திரும்பத் தைக்க வைத்தார். இரத்தம் ஓடாத விளிம்பு ஒட்டாது. அடுத்த நாள் காயம் வீங்கும், இன்றைக்கு அளவாக இருக்கிற முடிச்சு நாளைக்கு இறுகிவிடும். கிட்ட வைத்தால் போதும், நெரிக்காதே. ஊர் உலகத்துச் சத்திரசிகிச்சை ஆசிரியர்கள் எல்லோரும் சொல்கிற வாக்கியம்தான் இது, ஆனால் சாக்கு என்று சொன்னால்தான் எனக்கு உறைத்தது.

இதற்குக் கணக்கும் உண்டு. வயிற்று உறையைத் தைக்கும்போது, வெட்டின் நீளத்தைப் போல நான்கு மடங்காவது நூல் உள்ளே போயிருக்க வேண்டும். குறைந்தால் தையல் இறுக்கம், அல்லது இடைவெளி அதிகம் என்று அர்த்தம். 2015 இல் நெதர்லாந்தில் செய்த ஓர் ஆய்வில் ஏறக்குறைய 560 பேரின் வயிற்றை இரண்டு விதமாகத் தைத்துப் பார்த்தார்கள். ஒரு சென்ரிமீற்றருக்கு ஒன்றாகப் பெரிய தையல் போட்டவர்களில் ஒரு வருடத்தில் 21 வீதத்தினருக்குத் தழும்பில் குடலிறக்கம் வந்தது. மெல்லிய நூலால் ஐந்து மில்லிமீற்றருக்கு ஒன்றாகச் சின்னத் தையல் போட்டவர்களில் 13 வீதம். நூல் மாத்திரம் இல்லை, கையும் கணக்கில் வருகிறது. "பொடித் தையல் போடு பிள்ளை, அவசரப்படாதே" என்று இந்தக் கட்டடத்தின் மேல்மாடியில் கேட்ட குரல் நினைவுக்கு வருகிறதா?

பிரசவத்தில் கீழே போடும் தையலைப் பற்றி எங்கள் தாய்மார் யாரும் கதைத்ததில்லை. இருக்க முடியாமல், தலையணையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து பால் கொடுத்து, "எல்லாருக்கும் அப்படித்தான்" என்று பேசாமல் இருந்திருக்கிறார்கள். எல்லோருக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்றில்லை. கற்கட்டையும் செயற்கை நூலையும் ஒப்பிட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், செயற்கை நூல் போட்டவர்களுக்கு முதல் நாட்களில் வலி குறைவு, பனடோல் தேவையும் குறைவு, தையல் விடுவதும் குறைவு. ஒரு குறை மட்டும் இருந்தது. சாதாரண விக்ரில் அங்கே தேவைக்கு மேல் நாள் நின்று, குத்துகிறது என்று சில பெண்கள் வெட்டிவிடக் கேட்டார்கள். அதனால் விரைவில் கரையும் வகை வந்தது. ஐந்து நாளில் பாதிப் பலம், இரண்டு வாரத்தில் பலமே இல்லை. அந்த இடத்துக்கு அதுவே போதும். மூன்று வாரத்துக்குப் பிறகும் இருக்க முடியாத வலியென்றால் வெட்கப்படாமல் காட்டுங்கள். மகளுக்கும் மருமகளுக்கும் சொல்லுங்கள்.

இப்போது 2022.

நான் அப்போது வேலை செய்த வைத்தியசாலையின் பெயர் வேண்டாம். நாடு முழுக்க அதே நிலைதான். ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசு அறிவித்தது. மருந்தும் நூலும் பெரும்பாலும் இறக்குமதி. அவசரமில்லாத சத்திரசிகிச்சைகளை ஒத்திவைத்தோம். பாமசியில் வாங்கி வரும்படி துண்டு எழுதிக் கொடுத்தோம். வாங்க முடியாதவர்கள் அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் முகத்தைப் பார்த்தார்கள். சிசேரியனை ஒத்திவைக்க முடியாது.

ஜூன் கடைசியில், அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் எரிபொருள் என்று அறிவித்திருந்த நாட்களில் ஓர் இரவு. அலமாரியில் விக்ரில் இரண்டு பக்கற், கற்கட் ஒரு பெட்டி, கொஞ்சம் நைலோன். காத்திருப்பவர்கள் இரண்டு பேர். ஒருவர் கொட்டாஞ்சேனை, கணவருக்குத் துறைமுகத்தில் வேலை, இரண்டாவது சிசேரியன், சலரோகமும் இருந்தது. மற்றவர் அவிசாவளைக்கு அப்பால், கணவர் முச்சக்கரவண்டியோடு பெற்றோல் வரிசையில் நிற்கிறார்.

கர்ப்பப்பைக்கு இருவருக்கும் கற்கட் எடுத்தேன். அது ஏழைக்கு ஏழை நூல் என்ற கதையில்லை. இந்தியா, பாகிஸ்தான், கென்யா, சூடான், கானா, ஆர்ஜன்ரீனா, சிலி ஆகிய நாடுகளில் ஏறக்குறைய 16 ஆயிரம் பெண்களிடம் சிசேரியன் முறைகளை ஒப்பிட்ட கொரோனிஸ் என்ற ஆய்வு 2013 இல் வெளிவந்தது. கர்ப்பப்பையை குரோமிய கற்கட்டால் தைத்தாலும் விக்ரிலால் தைத்தாலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மூன்று வருடம் கழித்துப் பார்த்தபோதும் தெரியவில்லை. வெள்ளை உறை வேறு. அங்கே கற்கட்டை நம்பக் கூடாது. இருந்த இரண்டு விக்ரிலும் இருவரின் உறைக்கும் போயின. மிஞ்சியது தோல்.

அந்த இரவில் தோலுக்கான நூலைத் தீர்மானித்தது பெற்றோல். நைலோன் போட்டால் வெட்டுவதற்கு வர வேண்டும். கொட்டாஞ்சேனை அம்மா எப்படியும் வந்துவிடுவார், சலரோகக்காரருக்குத் தனித்தனி நைலோன் தையல் நல்லதும்கூட. அவிசாவளை அம்மா கைக்குழந்தையோடு பஸ் இல்லாத றோட்டில் எப்படி வருவார்? அவருடைய உறையைத் தைத்து மிஞ்சிய விக்ரில் துண்டாலேயே தோலின் உள்பக்கமாகத் தைத்தேன். அந்த ஊசி தோலுக்கு ஏற்றதில்லை. தோலுக்கு வெட்டும் முனை வேண்டும், இது உருண்டை ஊசி. தள்ளித் தள்ளித்தான் போனது. தையல் கோணலாக வந்தது. நாலு மாதத்துக்குப் பிறகு பிள்ளையோடு வந்து காட்டினார், தழும்பு இன்னும் கோணல்தான். "யார் பார்க்கப் போகினம் டொக்டர்" என்று சிரித்தார்.

கொட்டாஞ்சேனை அம்மாவின் காயம் ஏழாம் நாள் விட்டுவிட்டது. தோலும் கொழுப்பும் மட்டும், உறை நன்றாகப் பிடித்திருந்தது. ஆறு வாரம் மருந்து கட்டினோம். ஒருநாள் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போது என்னைப் பார்த்துக் கேட்டார்: "நல்ல நூல் இல்லாததாலயா டொக்டர் எனக்கு இப்படி ஆச்சு?" வார்டில் மற்றவர்கள் சொல்லியிருக்கிறார்கள், அன்றைக்கு நூல் தட்டுப்பாடு என்று. இல்லை என்றேன். அது உண்மை. அலமாரி நிறைய நூல் இருந்திருந்தாலும் அவருடைய தோலுக்கு நான் நைலோன்தான் எடுத்திருப்பேன். சீனி கூடியிருந்ததுதான் காரணமாக இருக்க வேண்டும். ஆனால் சத்திரசிகிச்சைக்கு முன் அவரிடம் நூலைப் பற்றி ஒரு சொல்லும் நான் சொல்லவில்லை. ஏழாம் நாள் விட்ட பிறகு சொன்னது அவருடைய காதில் சாக்காகத்தான் விழுந்திருக்கும். அவர் நம்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதற்குப் பிறகு, அவசரம் என்றாலும், என்ன நூல் இருக்கிறது, எதை எங்கே போடப்போகிறேன், ஏன் என்று இரண்டு வசனமாவது முதலே சொல்லிவிடுகிறேன்.

அந்த வருடம் உங்களில் சிலர் வெளிநாடுகளில் இருந்து நூல் பெட்டிகள் அனுப்பினீர்கள். மேடையில் நன்றி சொல்லக் கிடைத்த முதல் சந்தர்ப்பம் இதுதான். பெட்டியைத் திறந்தபோது மேலே பிடிஎஸ் இருந்தது, எங்கள் தாதி கைதட்டினார். அதற்குக் கீழே இரண்டு பெட்டி பத்துப் பூச்சியம். மகப்பேற்று விடுதியில் அதை வைத்து எறும்புக்குத்தான் சிசேரியன் செய்யலாம். கண் பிரிவுக்குக் கொடுத்தோம், அவர்களிடமிருந்து தோலுக்கு நல்ல நூல் கேட்டு வாங்கினோம். அடுத்த முறை அனுப்புவதென்றால் முதலில் எங்களைக் கேட்டு, அளவைப் பார்த்து, காலாவதித் திகதியையும் பார்த்து அனுப்புங்கள்.

வெளிநாட்டுக்காரருக்கு இன்னொன்று. என்னோடு படித்த ஒருத்தி, பெயர் சொன்னால் எனக்கு அடி விழும், விடுமுறைக்கு வந்து வெள்ளவத்தைப் புகையிரத நிலையத்தடியில் விழுந்து முழங்கால் பிளந்தாள். ஓரிடத்தில் ஆறு இழை போட்டார்கள். மூன்றாம் நாள் விமானம் ஏறிவிட்டாள். மூன்று வாரத்துக்குப் பிறகு வட்ஸ்அப்பில் படம் வருகிறது, "இது இன்னும் கரையேல்லையடி" என்று. நீல நிற நைலோன், தோல் அதைச் சுற்றி வளர்ந்திருந்தது. கரையாது என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. இப்போது எல்லாம் கரையும் நூல்தானே என்று இவளும் கேட்கவில்லை. அங்கே வெட்டி எடுத்தார்கள், புகையிரதப் பாதைத் தழும்பு அவளுக்கும் கிடைத்தது.

ஆகவே கேளுங்கள். வெளியே தெரியும் இழை கரையுமா, வெட்ட வேண்டுமா, எந்தத் திகதியில் என்று கேட்டு, டயக்னோசிஸ் கார்ட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த அட்டையைத் தொலைக்காதீர்கள். அடுத்த சிசேரியனில் உங்கள் வயிற்றைத் திறப்பவர் வேறொருவராக இருக்கலாம், வேறொரு நாட்டில் இருக்கலாம். வீட்டில் கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள், தூரம் என்றால் கிட்ட உள்ள குடும்பநல உத்தியோகத்தரிடம் அல்லது கிளினிக்கில் வெட்டலாமா என்று கேட்டு வையுங்கள். மஞ்சளோ எண்ணெயோ பூச வேண்டாம். கரையும் நூலின் நுனி சில வாரத்துக்குப் பிறகு சின்னப் பருப்போல வெளியே எட்டிப் பார்ப்பது உண்டு, அதற்குப் பயப்படத் தேவையில்லை. சீழ், காய்ச்சல், பரவும் சிவப்பு, திடீரென்று காயத்திலிருந்து நிறைய நீர் என்றால் அன்றைக்கே வர வேண்டும்.

அந்தப் பக்க மேசையில் காலாவதியான நூல் பக்கற்றுகள் சில வைத்திருக்கிறேன். ஊசிகளை எடுத்துவிட்டேன். உயர்தர உயிரியல் வகுப்புப் பிள்ளைகள் முதலில் வாருங்கள், பின்னிய நூலையும் ஒற்றை இழையையும் முடிச்சுப் போட்டுப் பாருங்கள், எது வழுக்குகிறதென்று கைக்குத் தெரியும். பத்துப் பூச்சியமும் ஒன்று இருக்கிறது. அதை வெள்ளைத் தாளுக்கு மேல் மட்டும் வைத்துப் பாருங்கள். நிலத்தில் விழுந்தால் ஒருவராலும் தேடி எடுக்க முடியாது.